உன் அகல டயர் சைக்கிள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "வேணாம்பா" என்று சொன்னதும் நான் "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். அந்தச் "சரிம்மா" முழுப் பொய். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே, "இந்த மனுசன் ஒத்துக்கல, சும்மா வாயால சொல்றாரு" என்று கண்டுபிடித்துவிட்டாள். போனில் எனக்குப் பேச வராது. நீ ஒன்று சொன்னால் அதற்குப் பதில் எனக்கு மறுநாள் குளிக்கும்போதுதான் தோன்றும். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் நீ பாதியில் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால் தாளில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு இது தலைதீபாவளி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் வந்து அழைப்பது பெற்றவர்கள் செய்ய வேண்டிய முறை. வருகிற சனிக்கிழமை பத்து பாகாட்டில் இருக்கும் உன் புகுந்த வீட்டுக்கு வருகிறோம். தட்டு, பழம், பலகாரம், துணிமணி எல்லாவற்றையும் அம்மா காரில் கொண்டுவருவாள், உன் சித்தப்பா ஓட்டுவார். நான் மட்டும் நீ விட்டுப்போன சைக்கிளில் விடியலில் ஸ்கூடாயிலிருந்து கிளம்பி, பொந்தியான், பெனுட், ரெங்கிட் வழியாக மெதுவாக மிதித்து மத்தியானத்துக்குள் உன் வீட்டு வாசலில் வந்து இறங்குவதாக இருந்தது. சைக்கிளை உன்னிடமே விட்டுவிட்டுக் காரில் திரும்பிவிடலாம் என்று திட்டம். மாதக்கணக்கில் இதற்காகப் பழகியிருக்கிறேன். அதைச் சொன்னதும்தான் நீ பதறினாய். "அப்பா, ப்ளீஸ் லா. கார்ல வாங்க, வேட்டி கட்டிக்கிட்டு வாங்க. டவுசரப் போட்டுக்கிட்டு சைக்கிள்ல வந்து எறங்காதீங்க. இங்க எல்லாரும் பாப்பாங்க. சைக்கிள வேற இங்க எதுக்குப்பா, எடமே இல்ல."

இதில் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் வலித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் வலியைவிடப் பெரிதாக வந்தது கேள்வி. என் சுபாவம் உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவன். மெஷின் நின்றுவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், ஏன் நின்றது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. மகள் "வேணாம்" என்கிறாள், ஏன் என்று தெரியவில்லை. மூன்று நாளாக அதையே பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரிக்கப் பிரிக்க, உன் கதை அந்த சைக்கிளின் கதையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

நீ சொந்தச் சம்பளத்தில் அதை வாங்கி வந்த அன்று நான் வாசலிலேயே மறித்தேன். கைப்பிடி பந்தய சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கீழே வளைந்திருந்தது. டயரோ அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் அகலமாக, முள்முள்ளாக இருந்தது. "எந்தக் காட்டுல ஓட்டப் போற?" என்றேன். "காட்டுல இல்லப்பா, ரோட்டுலதான். ஸ்கூடாய்லேர்ந்து கெலாங் பாத்தா வரைக்கும், ஞாயித்துக்கெழம." "தார் ரோட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு அகலம்? ஒட்டிக்கிட்டு வருமே, மிதிச்சே செத்துருவ." நீ சிரித்துக்கொண்டு, "ஓட்டிப் பாத்தா தெரியும்பா" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. காரணம் சொல்லத் தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா உன்னையும் சைக்கிளையும் மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். கார் வாங்கினாலும் லாரி வாங்கினாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நம் வீட்டில் ஒரு வண்டியும் ரோட்டில் இறங்கியதில்லை. ஐயர் சந்தனம் குங்குமம் இட்டுப் பழத்தை வைத்தார். நீ தள்ளினாய். டயர் பழத்தின் மேல் பூனைபோல ஏறி இறங்கியது, பழம் ஒரு கீறல்கூட இல்லாமல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. இரண்டாவது பழமும் அதே மாதிரி. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐயர் என்னைப் பார்த்தார், நான் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மெத்தென்று உள்ளே போனது. "காத்தே இல்ல, அப்புறம் எப்படி நசுங்கும்?" என்று காரிலிருந்த பம்பை எடுத்துக் கல் மாதிரி ஆகும்வரை அடித்தேன். உன்னையும் மேலே ஏறி உட்காரச் சொன்னேன். மூன்றாவது பழம் சாறு தெறித்து நசுங்கியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நீ மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். எலுமிச்சம்பழத்துக்காக டயருக்குக் காற்றடித்த அப்பன் இந்த ஜொகூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அத்தோடு விட்டேனா? ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் உன் சைக்கிளுக்குக் காற்றடிப்பதை என் கடமையாக வைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை நீ எனக்குத் தெரியாமல் வாசலில் குந்தி உட்கார்ந்து அதை இறக்கிவிடுவாய். அந்த உஸ்ஸென்ற சத்தம் எனக்குப் படுக்கையறை வரைக்கும் கேட்கும். "யாரோ டயர்ல காத்த எறக்கிவிடுறாங்க" என்று நான் சொல்ல, "நம்ம வீட்டுப் பாம்புதான், தூங்குங்க" என்பாள் உன் அம்மா. எதற்காக இறக்குகிறாய் என்று நான் கேட்டிருக்கலாம், எதற்காக ஏற்றுகிறேன் என்று நீ கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் கேட்காமலே அந்தச் சண்டையை உன் கல்யாணம் வரைக்கும் நடத்தினோம்.

கல்யாணம் முடிந்து நீ போன பிறகு சைக்கிள் வாசலில் நின்றது. "நீங்க ஓட்டுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தாய். நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. டிவி பார்த்தால் தூக்கம் வருகிறது, அம்மாவுக்குச் சமையலில் உதவப் போனால் திட்டு விழுகிறது. ஒருநாள் ஏறினேன். வழக்கம்போலக் கல் மாதிரி காற்றடித்துக்கொண்டுதான் ஏறினேன். நம் குடியிருப்புத் தாமானைத் தாண்டி, லாரிகள் உழுதுபோட்ட அந்தப் பழைய ரோட்டில் போனபோது பல் கிடுகிடுத்தது. திரும்பி வந்து டம்ளரைப் பிடிக்கிறேன், கையில் உணர்ச்சியே இல்லை. ஸ்பேனர் பிடித்துப் பிடித்து ஏற்கெனவே பாதி மரத்துப்போன விரல்கள் இவை. அப்போதுதான் உன் உஸ் சத்தம் நினைவுக்கு வந்தது. மறுநாள் நானும் குந்தி உட்கார்ந்து காற்றை இறக்கினேன். அதே ரோடு, அதே சைக்கிள். யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் புதுத் தார் போட்டுவிட்டார்களோ என்று இறங்கி நின்று ரோட்டைப் பார்த்தேன். போடவில்லை, அதே குழி, அதே ஒட்டு.

சொகுசு சரி, ஆனால் வேகம் குறையுமே? அது என்னை விடவில்லை. சோதனை செய்து பார்த்துவிடுவது என்று, பெரிய ரோட்டுக்கு இறங்கும் சரிவிலும் அந்தப் பழைய ரோட்டுச் சரிவிலும் உச்சியிலிருந்து மிதிக்காமல் சும்மா உருண்டு வந்தேன். சைக்கிள் தானாக நிற்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு. கல் டயருக்கு ஒரு கோடு, மெத்தை டயருக்கு ஒரு கோடு, பக்கத்தில் எத்தனையாவது தடவை என்று எண். எதிர்வீட்டு மணியம் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்னண்ணே, நம்பர் எழுதுறீங்களா? எனக்கும் ஒண்ணு சொல்லுங்க லா" என்றான். ரோட்டில் கிடந்த என் எண்களுக்கு அவன் லாட்டரி எடுத்தானா, பரிசு அடித்ததா என்று தெரியவில்லை, இப்போது அவன் எனக்கு வணக்கம் வைக்கிறான். சோதனையில் என்ன வந்தது தெரியுமா? வழவழப்பான தாரில் இரண்டு கோடுகளும் ஏறக்குறையப் பக்கத்துப் பக்கத்தில். ஒட்டுப்போட்ட கரடுமுரடான தாரில் மெத்தை டயர்தான் தூரம் போயிற்று. நான் மூன்று நாள் நம்பவில்லை. பிறகு தொழிற்சாலை நினைவு வந்தது. பெரிய மெஷின்களுக்கு அடியில் ரப்பர் கட்டை வைப்போம். வைக்காவிட்டால் மெஷின் தன் பலத்தில் பாதியைத் தன்னையே உதறிக்கொள்வதில் செலவழிக்கும், நட்டெல்லாம் கழன்றுவிடும். கல் டயரும் அப்படித்தான். ஒவ்வொரு பொடிக்கல்லுக்கும் ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அகல டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. ரப்பர் கட்டையோடு முப்பது வருடம் வேலை செய்துவிட்டு, அதையே சக்கரத்தில் மாட்டியிருப்பது எனக்குத் தெரியவில்லை பார்!

அப்பா இப்போது டயரையும் கல்யாணத்தையும் ஒப்பிட்டு, விட்டுக்கொடுத்துப் போ, வாங்கிக்கொண்டு போ என்று புத்தி சொல்லப்போகிறார் என்று நீ பயந்திருப்பாய். சொல்லமாட்டேன். உன் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர்கள் எல்லோரும் அதை வேண்டிய அளவுக்குச் சொல்லிவிட்டார்கள். அதுவும் ஒவ்வொருவரும் உன்னைப் பார்த்தே சொன்னார்கள், மாப்பிள்ளையைப் பார்த்து ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே எரிச்சல்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த சைக்கிளில் போகத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஊர் புதிதாகத் தெரிகிறது. காரில் போகும்போது ரோட்டோரத்தைக் கண்டுகொள்வதில்லை. மெல்லிய டயர் என்றால் கண் ரோட்டை விட்டு நகராது. எந்த விரிசலில் சிக்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். இதில் தலையை நிமிர்த்தலாம். மழை பெய்து ஈரமாகக் கிடந்தாலும், சாக்கடை மூடி குறுக்கே வந்தாலும் பதற்றமில்லை. பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்துக்கு நடுவே ஒரு தார் ரோடு போகிறது, காலையில் அங்கே என்னவொரு வாசனை தெரியுமா? தே தாரிக் குடிக்க டீக்கடையில் நிறுத்தினால் வயதான மலாய்க்கார பாக்சிக் ஒருவர் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறார். "ஓட்டிப் பார்த்தால் தெரியும்" என்று அவரிடம் சொல்கிறேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இத்தனை வருடம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீ எங்கே போனாய், ஏன் வரும்போது முகம் அப்படி இருந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அது தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்வி. இப்படி ஒன்றை அனுபவித்தவள் எப்படி ஒரு வார்த்தையில் விட்டுவிட்டுப் போனாள்? "எடமே இல்ல" என்கிறாய். மறுவீட்டுக்கு வந்தபோது உன் மாமனார் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தை நான் பார்த்திருக்கிறேன். பழைய வாஷிங் மெஷினும் நான்கு பூந்தொட்டியும் போக அங்கே ஒரு டீக்கடையே வைக்கலாம். மாப்பிள்ளை சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டு வார இறுதியில்தான் வருகிறார், மற்ற நாள் காரும் அங்கே நிற்பதில்லை. ஆக இடம் காரணம் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "புது மருமக டவுசர் போட்டுக்கிட்டு ரோட்டுல போவாளா? அறிவிருக்கா உங்களுக்கு?" என்றாள். "யாராவது போகக்கூடாதுன்னு சொன்னாங்களா?" என்றேன். "சொல்லித்தான் தெரியணுமா?" என்றாள். நான் மெஷின்காரன், எனக்குச் சொல்லித்தான் தெரியும்.

இனி எழுதப்போவதற்கு நீ என்மேல் கோபப்படுவாய். நேற்றுக் காலை, வரும் நேரத்தைச் சொல்ல வேண்டிய முறைக்காக உன் மாமியாருக்குப் போன் செய்தேன். நேரம் மட்டும் சொல்லிவிட்டு வைக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. அவர், "மத்தியானச் சாப்பாடு இங்கதான் அண்ணே, மாத்திப் பேசக்கூடாது" என்று அன்பாகப் பேசவும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சரிம்மா. பாப்பாவோட சைக்கிளும் இங்க சும்மாதான் நிக்குது, அதையும் கொண்டாந்து விட்டுடலாமான்னு பாக்குறேன். அங்க வைக்க எடம் இருக்குமா?"

"சைக்கிளா? யாரு ஓட்டுறதுக்கு?"

"பாப்பாதான்."

"அவ சைக்கிள் ஓட்டுவாளா அண்ணே? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் என்னென்னவோ நினைத்துவைத்திருந்தேன். யாரோ முகம் சுளித்திருப்பார்கள், ஜாடையாகப் பேசியிருப்பார்கள், நீ எங்களிடம் மறைக்கிறாய் என்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது! அதற்குப் பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கெலாங் பாத்தா வரை நீ போய்வந்தது, மழையில் நனைந்து சிரித்துக்கொண்டு வந்தது, எலுமிச்சம்பழம், எல்லாம். உன் மாமியார் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன் அண்ணே" என்றார். "டெய்லி காலையில அவ வாசல் கேட்டு பக்கத்துல வந்து நிப்பா. ஞாயித்துக்கெழமன்னா இந்தப் பக்கம் சைக்கிள்காரப் புள்ளைங்க கூட்டமா போவாங்க. அவங்க போனப்புறமும் அந்த ரோட்டையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நிப்பா. அம்மா வீட்டு நெனப்புன்னு நெனச்சேன். கேட்டா அழுதுருவாளோன்னு நான் கேக்கவே இல்ல அண்ணே."

அவரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கீழ கீழ விழுந்துர மாட்டாளே?" என்றார். "விழுவா. எந்திரிச்சுருவா" என்றேன். அப்புறம், "கொஞ்சம் நீளமான டவுசரா போட்டுக்கச் சொல்லுங்க. எதிர்த்த வீட்டுல ஒருத்தி இருக்கா, அவ வாய் சும்மா இருக்காது. அவ மாமனார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பாப்பா, நான் கேட்டதற்கு வெறும் "சரி" வந்திருந்தால்கூட இவ்வளவு நம்பியிருக்கமாட்டேன். நீளமான டவுசர் என்று ஒரு பெண்மணி யோசிக்கிறார் என்றால், நீ அதில் ஏறிப்போவதை மனசுக்குள் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

உன் ரகசியத்தை நான் உடைத்துவிட்டேன். அது உன்னுடையது, உன்னைக் கேட்காமல் நான் எடுத்துப் பேசியிருக்கக் கூடாது. திட்ட வேண்டுமென்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று நீயே நினைத்து, அவர்களுக்காக நீயே "வேணாம்" என்று சொல்லிவிடாதே. அவர்கள் வாயால் சொல்லட்டும். உண்மையிலேயே வேண்டாம் என்று சொன்னால் அப்போது சண்டை போடலாம், அழலாம், சிரிக்கலாம், விட்டும் விடலாம். மாப்பிள்ளையிடமாவது இதை நீ சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் இந்த வாரம் சொல். அவரும் கேட்கட்டும், ஏன் இவ்வளவு அகலம் என்று.

சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ சொன்னபடியே காரில்தான் வருகிறேன், வேட்டி கட்டிக்கொண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். பெனுட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்று படத்தில் பார்த்துப் பார்த்துக் கற்பனை செய்துவைத்திருந்தேன். இருக்கட்டும். உன் புகுந்த வீட்டில் உன் அப்பா எப்படி வந்து இறங்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு, அந்த "வேணாம்" உன்னுடையது, நான் மதிக்கிறேன். சைக்கிள் மட்டும், இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பலகாரத் தட்டுகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு வரும். உன் அம்மா முறுக்கில் கிரீஸ் படும் என்று இப்போதே கத்துகிறாள்.

வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்த பிறகு, எல்லார் முன்னாலும் சக்கரத்தை மாட்டி அதை அந்தப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். இது என் மகளுடையது என்று மட்டும் சொல்வேன், வேறு ஒன்றும் சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் நீ ஏறினாலும் சரிதான். ஓட்டி ஓட்டிச் சலித்துவிட்டதப்பா, இனி வேண்டாம் என்று நீயாகச் சொன்னாலும் சரிதான், அதையும் உன் வாயால் கேட்டுக்கொண்டு திரும்பக் கொண்டுபோய்விடுகிறேன். கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்காதே, பாப்பா.

அப்பா